சேர்மன் பங்கு

கல்லூரியின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஜெகந்நாதனைப் பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்கதான் மேடம் புஸ்தகத்துக்கு நடுவுலயே இருக்கறவங்க. நல்லபடியா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று பிரின்சிபால் சொல்லிவிட்டுப் போனார். லைப்ரரியில் உட்கார்ந்திருப்பவளுக்கு எழுதவும் வரும் என்று அவராக முடிவு செய்துகொண்டார். வரும்தான். ஆனால் 'நல்லபடியா' என்பதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. இது மலரில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஜெகந்நாதன் எங்கள் கல்லூரியின் இணைய இணைப்பைக் கட்டி மேய்க்கிறவர். கதவில் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று பலகை உண்டு. ஆள் ஒல்லி. பேண்ட் தொப்புளுக்கு மேலே ஏறியிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று அவர் எழுத. மற்றது, சேர்மன் எங்காவது கையெழுத்துப் போட நேர்ந்தால் எடுத்து நீட்ட. அந்த இரண்டாவது பேனாவை ஒருநாள் அவசரத்துக்குக் கேட்டேன். "இது வேற மேடம்" என்று சொல்லித் தன்னுடைய பேனாவைக் கொடுத்துவிட்டு, நான் திருப்பித் தரும்வரை தன் வேலையை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்கு உத்திரமேரூரில் பெருமாள் கோயில் பக்கத்துத் தெரு. கோயிலில் பூஜை முடிந்து தீர்த்தம், சடாரி, மாலை என்று கொடுக்கும்போது யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று ஒரு வரிசை உண்டு. பெரிய மனிதர்களின் பெயரையும் பட்டத்தையும் உரக்கச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுவது ஜெகந்நாதனின் அப்பாவுக்கு வேலை. அந்த வரிசை பிசகினால் ஊரில் அடிதடி வரை போகும். சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் முதலா நீ முதலா என்று முறைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எங்கள் ஆட்கள் நிற்கிற இடத்துக்கு வருவதற்குள் தீர்த்தச் சொம்பு காலியாகிவிடும், அதுவும் ஒரு காரணம்.

கோயில் வேலையைத் தம்பிக்கு விட்டுவிட்டு ஜெகந்நாதன் காஞ்சிபுரம் போய் பி.எஸ்ஸி. கணிதம் படித்தார். திரும்பி வந்து தாண்டவராயனின் ரைஸ் மில்லில் சேர்ந்தார். மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க, இவர்தான் துணிந்து தொட்டார். அதற்குப் பிறகு தாண்டவராயன் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் கம்ப்யூட்டரு" என்பார். இவர் ஓடுவார்.

நெல்லில் சம்பாதித்ததைக் கொண்டு தாண்டவராயன் செங்கல்பட்டு ரோட்டில் பொட்டல் காடு ஒன்றை வாங்கிப் பொறியியல் கல்லூரி கட்டினார். ஒரே வருடத்தில் 'கல்வி வள்ளல்' ஆகி, சுவர் சுவராகப் போஸ்டரில் சிரித்தார். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர்மன் என்று கூப்பிட ஆரம்பித்தோம். மில்லிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் லாரியில் கல்லூரிக்கு வந்தன. ஜெகந்நாதனும் அந்த லாரியில்தான் வந்தார், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் மானிட்டரைப் பிடித்துக்கொண்டு.

இனிமேல் சொல்வதில் அவரை ஓர் இடத்தில் மெச்ச வேண்டியிருக்கிறது. சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

2003-ல் கல்லூரிக்கு இணைய இணைப்பு வந்தது. ஒரே ஒரு லைன், அதுவும் மெலிசு. அதில் இருநூறு கம்ப்யூட்டர்களை மாட்டினார்கள். ஏரிக்கு ஒரே மதகு, அத்தனை வயலும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. எவனாவது ஒரு பையன் சினிமாப் பாட்டு இறக்கினால் பிரின்சிபாலின் மெயில் நின்றுவிடும். இதைச் சரிக்கட்ட ஒரு பெட்டி இருக்கிறதென்று சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவன் வந்து விலை சொன்னான். சேர்மன் அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜெகந்நாதன் ஒரு மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துத் தூசி தட்டினார். பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து அதில் லினக்ஸை ஏற்றினார். லினக்ஸுக்கு விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வருகிற லைனை அந்தக் கம்ப்யூட்டரின் ஒரு பக்கம் செருகி, கல்லூரிக்குள் போகிற லைனை மறுபக்கம் செருகினார். அதற்கு கேட்வே என்று பெயர். யார் எதைப் பார்த்தாலும் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு வேகம் நிச்சயம் உண்டு, இன்னார் இதற்கு மேல் போகக் கூடாது என்று அவர் எழுதி வைத்தால் அது அப்படியே பிரித்துக் கொடுக்கும். யாரும் சொல்லித் தராமல், இரவும் பகலும் படித்துத் தானே செய்தார். எல்லோருக்கும் மெயில் போயிற்று, பக்கங்கள் திறந்தன. அசல் கெட்டிக்காரத்தனம் அது. மறுக்க மாட்டேன்.

மெச்சியாயிற்று.

பிரித்துக் கொடுக்கிற அதிகாரம் கைக்கு வந்ததும் அவருடைய ரத்தத்தில் இருந்தது வெளியே வந்தது. யாருக்கு எவ்வளவு தேவை என்று அவர் யாரையும் கேட்கவில்லை. யார் பெரியவர் என்று பார்த்தார். முதல் பங்கு சேர்மனுக்கு. வளாகத்துக்குள்ளேயே அவருடைய பங்களா இருந்தது. மொத்த லைனில் கால்வாசியை அந்த வீட்டுக்கு ஒதுக்கினார். அடுத்து சேர்மனின் மைத்துனர். அப்புறம் பிரின்சிபால், துறைத் தலைவர்கள், ஆபீஸ், வாத்தியார்கள், லைப்ரரி. எல்லோரும் வாங்கி முடித்த பிறகு மிச்சம் மாணவர்களின் லேபுக்கு. காலேஜுக்குப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான் என்பதால் கடைசியில் வைத்திருப்பார் போலிருக்கிறது.

ஒருநாள் மாவட்ட அதிகாரி ஒருவர் விளக்கேற்ற வந்தார். ஏற்றினார், பேசினார், சாப்பிட்டார், போனார். கம்ப்யூட்டர் இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவருக்கும் ஜெகந்நாதன் கேட்வேயில் ஒரு பங்கு போட்டு வைத்திருந்தார். அந்த அதிகாரி மாற்றலாகித் தென்பக்கம் போய் வெகுநாள் ஆன பிறகும் அந்தப் பங்கு அப்படியே இருந்தது. "எடுத்தா நல்லாவா இருக்கும் மேடம்?" என்று என்னையே கேட்டார்.

மற்றவர்கள் மட்டும் ஒழுங்கா? மெக்கானிக்கல் துறைத் தலைவரும் எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவரும் யார் பெயர் நான்காவது, யார் பெயர் ஐந்தாவது என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். இரண்டு இடத்துக்கும் வேகம் ஒன்றுதான். அது அவர்களுக்கும் தெரியும். பி.எச்டி. வாங்கினவர்கள்! ஜெகந்நாதன் இரண்டு பேர் அறைக்கும் மாறி மாறி ஓடி, கடைசியில் ஒற்றை மாதத்தில் இவர், இரட்டை மாதத்தில் அவர் என்று தீர்த்து வைத்தார். அதற்கு அவருக்குச் சால்வை போடாத குறைதான். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அறைக்குக் கீழேதான் லேப். அங்கே பிள்ளைகள் ஒரு பக்கம் திறக்கக் காத்திருந்து காத்திருந்து வீட்டுப்பாடத்தைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எரிச்சல் பங்கு பிரித்ததில்கூட இல்லை. சும்மா கிடக்கிற பங்கை அவர் யாருக்கும் விடாததில்தான். அவருடைய திரையில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பட்டை ஓடும். சேர்மன் வீட்டுப் பட்டை எப்போது பார்த்தாலும் வெறுமையாக இருக்கும். லேபின் பட்டை எப்போதும் விளிம்பு வரை நிறைந்து சிவப்பாக நிற்கும். ஒருவர் பங்கு உபயோகப்படாமல் இருந்தால் அதைத் தற்காலிகமாக மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அவர் கேட்கிற நொடியில் திருப்பிக் கொடுக்கிற வசதி லினக்ஸிலேயே இருக்கிறது. லேபுக்கு உச்சவரம்பு என்று எழுதியிருக்கும் ஓர் எண்ணை உயர்த்தினால் போதும். இதை எனக்குச் சொன்னதே ஜெகந்நாதன்தான். சொல்லிவிட்டு, "ஆனா அது மரியாதை இல்ல" என்றார்.

அவருக்கு ஒரே மகள், நாச்சியார். எங்கள் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். லைப்ரரியில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அப்பாவின் மூளை அவளுக்கு வந்திருந்தது, முதுகு வளைகிற பழக்கம் வரவில்லை. அவள் படிப்பு முடிகிற நேரம் சேர்மன் பெரிய மனது பண்ணி, "பொண்ண வெளிய எங்கியும் அனுப்பாத, நம்ம ஆபீஸ்லயே போட்டுக்கலாம்" என்று சொல்லியிருந்தார். ஜெகந்நாதன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

நாச்சியார் என்னிடம் வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சொன்னாள்: "மேடம், அங்க போய் உக்காந்தேன்னா அவ்ளோதான். என்னையும் 'யோவ் கம்ப்யூட்டரு பொண்ணே'ன்னுதான் கூப்புடுவாரு. நானும் ஓடணும். என்னால முடியாது."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'மெட்ராஸ்ல எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்கு ஓடலாம், சேர்மனுக்கு ஓடக்கூடாதா'ன்னு கேட்டாரு. கேம்பஸ்ல வேலை கெடைச்சா போ, கெடைக்கலன்னா இங்கதான்னு சொல்லிட்டாரு."

ஆகவே அந்த ஒரு கேம்பஸ் தேர்வில்தான் எல்லாம் இருந்தது. 2006 பிப்ரவரியில் சென்னைக் கம்பெனி ஒன்று முதல்முறையாக எங்கள் கல்லூரியை எட்டிப் பார்க்கச் சம்மதித்தது. நாற்பது பேருக்கு ஆன்லைன் தேர்வு. லேபில் உட்கார்ந்து, கம்பெனியின் இணையப் பக்கத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நேரம் உண்டு. பதில் அந்த நேரத்துக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் எழுதாததற்குச் சமம். தேறினால் நேர்முகம், வேலை, சென்னை. தேறாவிட்டால் சேர்மன் ஆபீஸ்.

தேர்வுக்கு முதல் நாளே ஜெகந்நாதனிடம் போனேன். சர்வர் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நாளைக்கு டெஸ்ட். லேபுக்கு இருக்கற வேகத்துல நாப்பது பேர் எழுத முடியாது."

"தெரியும் மேடம். அதான் உங்க லைப்ரரி பங்க எடுத்து லேபுக்குக் குடுத்துட்டேன். வாத்தியாருங்க பங்கும் குடுத்தாச்சு. என் மிஷினையும் நிறுத்திடறேன். நாமெல்லாம் கடைசில இருக்கறவங்க, நாம விட்டுக்குடுக்கலாம்."

"அதையெல்லாம் சேத்தாலும் கால்வாசிதான் வருது. சேர்மன் பங்கு கால்வாசி சும்மா கெடக்குதே. அதையும் விட்டீங்கன்னா ரெண்டு மடங்காகும். நாளைக்குக் காலையில மட்டும் விட்டா போதும்."

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். ஏதோ நான் கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி.

"அவர் ஊர்லயே இல்ல சார். குடும்பத்தோட திருப்பதி போயிருக்காரு. வீடு பூட்டியிருக்கு."

"அவர் இல்லாதப்பதான் மேடம் நாம ஜாக்கிரதையா இருக்கணும். எங்கப்பா காலத்துல தர்மகர்த்தா ஒருத்தர் மெட்ராஸ்ல ஆஸ்பத்திரில இருந்தாரு. அவருக்குண்டான மாலைய வேற யாருக்கும் போடல. தட்டுல வெச்சு மேளத்தோட எடுத்துக்கிட்டுப் போயி, பூட்டின கதவுல மாட்டிட்டு வந்தாங்க. ஆள் இல்லன்னு மரியாதை இல்லாமப் போயிடுமா?"

"மாலை வாடித்தானே போச்சு?"

"வாடட்டுமே. அது அவரோட மாலை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏரித் தண்ணீரில்கூட, ஒருவன் வயலுக்குத் தண்ணீர் வேண்டாமென்றால் மடை திறக்கிற ஆள் அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவான், வரப்பில் வீணாக விடமாட்டான், அவன் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை என்று சொன்னேன். ஜெகந்நாதன் சிரித்தார். "அது தண்ணி மேடம்" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் தேர்வு தொடங்கியது. கம்பெனியிலிருந்து வந்த பெண் லேபின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பகுதி எப்படியோ ஓடியது. இரண்டாவது பகுதியில் படம் போட்ட கேள்விகள் வந்தன. ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழே ஒவ்வொரு கீற்றாக இறங்கியது. பிள்ளைகள் பாதி படத்தைப் பார்த்தே பதிலை ஊகித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நாச்சியாரின் திரையைப் பார்த்தேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் போட்டு முடித்திருந்தாள். அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரை வெள்ளையாகவே இருந்தது. மேலே நேரம் குறைந்துகொண்டிருந்தது.

நான் சர்வர் அறைக்கு ஓடினேன்.

ஜெகந்நாதன் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். லேபின் பட்டை சிவப்பாக முட்டிக்கொண்டு நின்றது. சேர்மன் வீட்டுப் பட்டையில் ஒரு துளிகூட இல்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கை கீபோர்டின் மேலேயே இருந்தது.

"சார், ஒரு நம்பர மாத்துங்க. உங்க பொண்ணு முடிச்சுட்டா, அனுப்ப முடியாம உக்காந்திருக்கா."

"போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்."

"யாருக்கு?"

"சேர்மனுக்கு. ஒரு வார்த்தை கேட்டுட்டேன்னா பண்ணிடுவேன்."

திருப்பதியில் செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போக வேண்டும். அது இவருக்குத் தெரியாதா? வருஷம் தவறாமல் போகிறவர். இருந்தும் மறுபடி மறுபடி அதே எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் போன் அணைந்திருக்க, ஒரு பெண் குரல் தெலுங்கில் ஏதோ சொல்ல, அதை ஒவ்வொரு தடவையும் கடைசி வரை பணிவாகக் கேட்டார்.

"அவர் கேட்டா நான் சொல்லிக்கறேன் சார். நான் பண்ணச் சொன்னேன்னு சொல்லுங்க."

"அதில்ல மேடம். என் பொண்ணு உள்ள இருக்கா. நாளைக்கு, பொண்ணுக்காக சேர்மன் பங்குல கை வெச்சான்னு பேச்சு வரும்."

இதைக் கேட்டுவிட்டுப் பின்னால் ரொம்பப் பேர் என்னிடம், "பாருங்க மேடம், பெத்த பொண்ணுக்காகக்கூட வளையல பாருங்க, நேர்மையான மனுஷன்" என்று உருகினார்கள். நேர்மையாம்! உள்ளே அவர் மகள் மட்டுமா இருந்தாள்? இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார் நேர்மையாக இருப்பது? அந்த ஆளுக்கு இருந்தது நேர்மை இல்லை, பயம். பயத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன், எனக்கும் இருக்கிறது, சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் இருக்கிறது. இவர் அந்தப் பயத்துக்கு நாமம் போட்டு, மாலை போட்டு, கும்பிடவும் செய்தார்.

நான் லேபுக்குத் திரும்பியபோது தேர்வு முடிந்திருந்தது. நாற்பது பேரில் இரண்டே பேருக்குப் பதில்கள் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தன. நாச்சியார் அந்த இரண்டில் இல்லை. கம்பெனிப் பெண் பையை எடுத்துக்கொண்டே, "சாரி மேடம், உங்க சைடுல லைன் சரியில்ல" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி எங்கள் பக்கம் வரவே இல்லை.

ஆத்திரம் தாளாமல் நேராகச் சேர்மன் பங்களாவுக்குப் போனேன். அங்கே என்ன செய்வதாக இருந்தேன் என்று எனக்கே தெரியாது. வாட்ச்மேன் கன்னியப்பன் வாசலில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல யாருங்க இன்டர்நெட் பாக்கறது?" என்று கேட்டேன்.

"இன்டர்நெட்டா? எங்க கீது மேடம் அது?" என்றார் கன்னியப்பன். "போன வருசம் வூட்டுக்குப் பெயிண்ட் அட்ச்சப்பவே அந்த ஒயரப் புடுங்கிட்டாங்க. கம்ப்யூட்டரு வந்த அட்டப்பொட்டியிலயே கீது. அது மேல அம்மா ஊறுகா ஜாடி வச்சிக்கினு கீறாங்க."

"ஜெகந்நாதன் சாருக்கு இது தெரியுமா?"

"தெரியாம இன்னா? அவருதான் வந்து ஒயர சுருட்டி எடுத்தாரு. நான் குப்பையில போடலாம்னேன். சேர்மன் வூட்டு ஒயரு, குப்பையில போடக் கூடாதுன்னு சொல்லி கையோட எடுத்துக்கினு போனாரு."

ஒரு வருடம். மொட்டைச் சுவருக்கு, ஊறுகாய் ஜாடிக்குக் கல்லூரி லைனில் கால்வாசியை ஒதுக்கி வைத்துக்கொண்டு, பட்டை வெறுமையாக ஓடுவதைத் தினமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் அவரைப் பிடித்துக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

"ஒயர் இல்லன்னா பங்கு இல்லன்னு ஆயிடுமா?"

இந்த மனிதரிடம் இனிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. முட்டாளாக இருந்தால் விளக்கலாம். கெட்டவராக இருந்தால் திட்டலாம். இவர் இரண்டும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

சேர்மன் மொட்டைத் தலையோடு திருப்பதியிலிருந்து திரும்பினார். ஆபீசில் எல்லோரையும் கூப்பிட்டு லட்டுப் பிரசாதம் கொடுத்தார். ஜெகந்நாதன் அன்றைக்கே மகளை அழைத்து வந்திருந்தார், வேலைக்குச் சேர்க்க. நாச்சியார் புடவை கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். பிரின்சிபால் வழிந்துகொண்டே தேர்வு கெட்டுப்போன விஷயத்தைச் சொன்னார். லைன் போதவில்லை, சேர்மன் பங்கில் கை வைக்க ஜெகந்நாதனுக்கு மனம் வரவில்லை என்று, பாராட்டுகிற மாதிரியே சொன்னார்.

சேர்மன் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னா பங்கு?"

விளக்கினார்கள்.

"எனக்கு இன்னாத்துக்குய்யா அது? நான் இன்னா கம்ப்யூட்டர் தட்டிக்கினா கீறேன்? பசங்களுக்கு உட்ருக்கக் கூடாது?" என்றார். சொன்ன கையோடு அடுத்த ஆளுக்கு லட்டை நீட்டினார். அவருக்கு அது அவ்வளவுதான். அந்தப் பங்கு இருந்ததே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

நான் நாச்சியாரைப் பார்த்தேன். அவள் சேர்மனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது அந்த முகத்தில் ஏதாவது தெரியும் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். ஒரு வெட்கம், ஒரு வருத்தம், ஐயோ என்று ஒரு சின்ன அசைவாவது.

ஜெகந்நாதன் பல்லைக் காட்டினார். "இருக்கட்டும் சார். நீங்க பெரிய மனசோட சொல்றீங்க. அதுக்காக நாங்க எடுத்துட முடியுமா?" என்றார். சேர்மன் சிரித்தார். பிரின்சிபால் சிரித்தார். துறைத் தலைவர்கள் வரிசையாகச் சிரித்தார்கள்.

நாச்சியார் அன்றைக்கே வேலையில் சேர்ந்தாள். வேறு கம்பெனி எதுவும் எங்களைத் தேடி வரவில்லை, அவளைத் தனியாகச் சென்னைக்கு அனுப்ப ஜெகந்நாதன் சம்மதிக்கவில்லை. அவள் லைப்ரரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சேர்மன் கூப்பிட்டால் எழுந்து போகிறாள், சொன்னதைச் செய்கிறாள், வந்து உட்காருகிறாள். அப்பாவை வராந்தாவில் பார்த்தால் ஓரமாக ஒதுங்கி நின்று, "குட் மார்னிங் சார்" என்கிறாள்.

அவள் அம்மா லக்ஷ்மியை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நாச்சியார் வீட்டிலும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாளாம். சாப்பிட வாங்க சார், விளக்கை அணைக்கட்டுமா சார். அப்பா என்ற சொல் வீட்டில் நின்று போய்விட்டது என்று சொல்லி அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜெகந்நாதனே லைப்ரரிக்கு வந்தார். முகம் முழுக்கப் பூரிப்பு.

"மேடம், பயந்துக்கிட்டே இருந்தேன், பொண்ணு எப்படி இருப்பாளோன்னு. இப்ப பாருங்க, வீட்லகூட என்னை சார்னுதான் கூப்புடறா. மரியாதை கத்துக்கிட்டா" என்றார்.